கண்ணாடிக் கேபினட்

பூதப்பாண்டி
14.1.2025

ஏட்டி ஆன்ஸ்லின்,

பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் தந்திருக்காங்க. வீட்டுக்கு எழுதணுமாம். இங்க போன் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு கடிதம்தான். அதையும் இங்க பொறுப்பில உள்ள சுந்தரராஜ் சார் படிச்சுப் பார்த்துட்டுத்தான் தபால்ல போடுவார். படிக்கட்டும். எனக்க பெண்டாட்டி எனக்குச் செய்ததை அவரும் தெரிஞ்சுக்கிடட்டும்.

காலம்பற பல்லு தேய்ச்சிட்டு நின்னவனை நாலு பேரு சேர்ந்து வேன்ல தூக்கிப் போட்டானுவ. வாயில பேஸ்டு நுரை, இடுப்புல லுங்கி. நீ முற்றத்துல எனக்க துணி நிறைச்ச பேக்கைப் பிடிச்சுட்டு நின்னே. முந்தின நாளே மடிச்சு வச்சிருக்கே. அம்மை நெஞ்சில அடிச்சு அழுதா. நீ அழல்ல. வேன் கண்ணாடி வழியா நான் பார்த்தேன்.

எதுக்கு இவ்வளவும்? ஒரு நாள் கை நீண்டதுக்கு. கம்ப்யூட்டர் கேபினட்டுக்க தகர மூடி கையில இருந்துது, அதுக்க ஓரம் உனக்க புருவத்துல பட்டுது. ஏழு தையல். குடிக்கிறவன் எவனும் பெண்டாட்டியை அடிக்கத்தான் செய்வான். எவளும் குடி நிறுத்துற இல்லத்துல கையெழுத்துப் போட்டு ஆறு மாசத்துக்குப் பூட்டி வைக்கல்ல.

நெளிஞ்சு போன அந்தக் கேபினட்டுக்குப் பதிலா அன்னைக்கே வேற ஒண்ணு ஆர்டர் போட்டேன். தகரம் இல்ல, கண்ணாடி மாதிரி அக்ரிலிக். உள்ள இருக்கது எல்லாம் வெளிய தெரியும். இனி அடிச்சாலும் வெட்டாதுன்னு நினைச்சுத்தான் வாங்கினேன்னு வச்சுக்க. பார்சல் வந்தா திருப்பி அனுப்பு. கம்ப்யூட்டர் கடையைத் திறக்காண்டாம். மவுஸை நேரே பிடிக்கத் தெரியாதவ நீ. எனக்க சாமான்ல கை வச்சா, நான் வெளிய வரும்போ உனக்கு மற்றப் புருவமும் இருக்காது.

ரெனிஷ்


குலசேகரம்
24.1.2025

அத்தானுக்கு,

கடிதம் கிட்டியது. மாமிக்கு வாசித்துக் காட்டினேன், கடைசி வரியை விட்டுவிட்டு.

பார்சல் வந்து ஒன்பது நாளாகிறது. திருப்பி அனுப்பவில்லை. கடையைப் பூட்டிப் போட்டால் நானும் மாமியும் என்ன செய்வது? சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆன்லைனில் மனுப் போட வருகிறவர்கள் தினமும் முன்னறைக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்கிறவர்களிடம் நீங்கள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மானத்துக்காக இல்லை, மாமிக்காக.

பெட்டியைத் திறந்ததும் பிளைவுட் துண்டுகள் என்றுதான் நினைத்தேன். பதினொரு தகடு, இரண்டு பக்கமும் தவிட்டு நிறத் தாள் ஒட்டியிருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஜெபதாஸ் அண்ணனின் மொபைல் கடைக்கு ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மூலையில் நகத்தால் கீறி இழுத்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். உள்ளே கண்ணாடி. மிச்சத்தை உரிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நகக்கண் எல்லாம் எரிகிறது.

கூட வந்த தாளில் முழுக்கச் சீன எழுத்து. படத்தைப் பார்த்துத்தான் செய்கிறேன். தகட்டில் சிலுவை மாதிரி வெட்டியிருக்கும் துளையில் நட்டை வைத்து, மறுபக்கத்திலிருந்து ஸ்க்ரூவை விட வேண்டும். நட்டு வழுக்கி வழுக்கி விழுகிறது. மாமி ஸ்டூலில் உட்கார்ந்து தகட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். "இஞ்ச பிடிச்சா போதுமா மக்களே?" என்று நூறு தடவை கேட்கிறார்கள். நீங்கள் போன பிறகு மாமி வாய் திறந்து பேசியது இந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒரு சந்தேகம். பழைய கேபினட்டிலிருந்து கழற்றிய பவர் சப்ளையின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்சு இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் 230, மறுபக்கம் 115. நான் துடைக்கும்போது அது நகர்ந்துவிட்டது. எதில் வைக்க வேண்டும்? வீடியோக்களில் வருகிற பவர் சப்ளையில் இந்த சுவிட்சே இல்லை. "அவன்கிட்டயே கேளு, சொல்லித் தருவான்" என்று மாமி சொன்னார்கள். அதனால் கேட்கிறேன்.

ஆன்ஸ்லின்


பூதப்பாண்டி
2.2.2025

அன்புள்ள ஆன்ஸ்லின்,

முதல் கடிதத்துல வாயில வந்ததை எல்லாம் எழுதிட்டேன். ஊசி போட்டுப் போட்டு தலை கிறங்கிக் கிடந்த நேரம் அது. மனசுல வைக்காதே.

நீ தகட்டைத் தூக்கிட்டு ஜெபதாஸ் கடைக்கு ஓடினதை வாசிச்சிட்டுச் சிரிச்சேன். வெயில்ல அரை மணிக்கூறு வச்சிருந்தா அந்தத் தாளு தானே இளகி வரும். பரவால்ல, உரிச்சாச்சே. இனி சொல்லுததைக் கவனமாட்டு கேளு. மதர்போர்டை நேரே தகட்டு மேல வைக்காண்டாம். கூட வந்த கவர்ல பித்தளையில குட்டிக் குட்டித் தூண் இருக்கும். அதை முதல்ல மாட்டி, அதுக்க மேல போர்டை உட்கார வை. ஸ்க்ரூவை ஆத்திரத்துல முறுக்காதே. இது தகரம் இல்ல, கொஞ்சம் கூடினா கீறிப் போவும். விரலுக்கு இறுக்கம் தெரிஞ்சதும் நிறுத்து.

அந்தச் சிவப்பு சுவிட்சை 115ல வை. கரண்டு குறைவாத்தான் இழுக்கும், பில்லும் கொறையும். நான் முன்னால 230ல வச்சிருந்தது தப்பு.

முதல்ல ஆன் பண்ணும்போ அம்மையைப் பக்கத்துல இருத்தாண்டாம். ஃபேன்ல உள்ள லைட்டு அவளுக்க கண்ணுக்கு ஒத்துக்கிடாது. அவளை அடுக்களையில இருக்கச் சொல்லு. நீ மட்டும் குனிஞ்சு நின்னு, எல்லா ஃபேனும் சுற்றுதான்னு கிட்ட இருந்து பாரு.

உனக்கு வரும்னு நான் நினைக்கல்ல. கொள்ளாம், கெட்டிக்காரிதான்.

ரெனிஷ்


குலசேகரம்
13.2.2025

ரெனிஷுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பித்தளைத் தூண், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் மாட்டினேன். ஒரு மூலையில் மட்டும் ஸ்க்ரூவைக் கூட முறுக்கிவிட்டேன், மயிரிழை மாதிரி ஒரு கீறல். மற்றபடி எட்டாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்குக் கேபினட் மேசைமேல் நின்றது. ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாத நான் செய்தது. நானே அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

சிவப்பு சுவிட்சை 115ல் வைத்தேன்.

மாமியை அடுக்களைக்குப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. "தகட்டைப் பிடிச்சவளுக்கு லைட்டைக் காட்டமாட்டியா?" என்று ஸ்டூலை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் வெடித்தது. தேங்காய் விழுந்து ஓடு உடைகிற மாதிரி சத்தம். பின்பக்கத்திலிருந்து தீப்பொறி, கரும்புகை, வீட்டில் கரண்டே போய்விட்டது. நான் கத்திக்கொண்டு திரும்பினால் ஸ்டூல் கவிழ்ந்து கிடக்கிறது. மாமி தரையில் கிடக்கிறார்கள். வலது கால் ஒரு மாதிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

இடுப்பெலும்பு ஒடிந்துவிட்டது. நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம். சர்க்கரையும் இதய நோயும் இருக்கிற நிலையில் ஆபரேஷன் தாங்கமாட்டார்கள் என்று சொல்லி, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எழுந்து நடக்கமாட்டார்கள்.

ஜெபதாஸ் அண்ணன் வந்து பவர் சப்ளையைத் திருப்பிப் பார்த்தார். "115ல வச்சது யாரு? நம்ம கரண்டுக்கு இதை 115ல வச்சா குண்டு மாதிரி வெடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமே" என்றார். நான்தான் தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

பதினாறு வருஷம் இந்தத் தொழில் செய்தவர் நீங்கள். குனிந்து கிட்டே நின்று பார்க்கச் சொன்னீர்கள். மாமியை விலக்கி வைக்கச் சொன்னீர்கள். அந்த வரியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு மாமியைப் பற்றி அவ்வளவு அக்கறை எந்தக் காலத்தில் இருந்தது?

ஆன்ஸ்லின்


பூதப்பாண்டி
20.2.2025

ஆன்ஸ்லின்,

உனக்க கடிதத்தை சுந்தரராஜ் சார் கையில தராம, அவரே முன்னால இருந்து வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சிட்டு எனக்க மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாரு. நான் தலையை நிமிர்த்தல்ல.

மறைச்சு என்ன கிட்டப் போவுது. 115ல வைக்கச் சொன்னது வேணும்னேதான். வெடிக்கும்னு தெரியும். உனக்க கை கரியட்டும், மூஞ்சி பொசுங்கட்டும், அதோட நீ கடையைப் பூட்டுவேன்னு நினைச்சு எழுதினேன். அதை எழுதும்போ எனக்கு நல்ல சந்தோஷமாட்டு இருந்தது. அன்னைக்கு ராத்திரி நல்லா உறங்கினேன். அம்மை பக்கத்துல இருப்பான்னு எனக்குப் பயம் இருந்தது, அதுனாலதான் அப்பிடி எழுதினேன். அவ கேட்கமாட்டான்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் எழுதினேன்.

இப்ப சோறு இறங்கல்ல. மொட்டை மாடியில நின்னா வயக்காடும் தாடகை மலையும் தெரியுது. அந்தப் பக்கந்தான் வீடுன்னு நினைச்சுட்டு நிக்கேன். நீ ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா ஒரு நாளைக்கு விடுவாங்களாம். கூட ரெண்டு ஆளு வரும். அம்மைக்க காலைப் பிடிச்சிட்டு திரும்பி வந்திருவேன். உனக்க முன்னால நிக்கக்கூட மாட்டேன்.

எனக்காக வேண்டாம்னு வச்சுக்க. அம்மைக்காகச் செய்.

ரெனிஷ்


குலசேகரம்
10.3.2025

ரெனிஷுக்கு,

கையெழுத்துப் போடமாட்டேன்.

மாமிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டில் ஏதோ கோளாறு என்றுதான் நினைக்கிறார்கள். தினமும் உங்களைக் கேட்கிறார்கள். "ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரப்பிடாதா?" என்று கேட்டபோது, "நான் கூப்பிட்டேன் மாமி, அவர்தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்" என்றேன். அழுதார்கள். நான் முகம் துடைத்துவிட்டேன். உங்களுக்கு எழுதும்போது நல்ல சந்தோஷமாக இருந்ததாமே, அந்த மாதிரி எனக்கும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மாமியைப் புரட்டிப் போட்டு முதுகில் பவுடர் போடுவது, மலஜலம் எடுப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நான்தான். நடுவில் கடையையும் பார்க்கிறேன். ஆமாம், கடை திறந்தாச்சு. ஜெபதாஸ் அண்ணன் புது பவர் சப்ளை வாங்கித் தந்தார், சிவப்பு சுவிட்சு இல்லாதது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புகை படிந்த பின்தகட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டாவது தடவை முழுவதையும் நானே பூட்டினேன். இந்தத் தடவை எந்த மூலையும் கீறவில்லை. வருகிறவர்கள் மனு எழுதுவதை மறந்துவிட்டு, உள்ளே நீலமாகச் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "யாரு செய்து தந்தா?" என்று கேட்கிறார்கள். நான்தான் என்று சொன்னால் நம்புவதில்லை.

புருவத்தில் முடி முளைக்கவில்லை. மையால் வரைந்துகொள்கிறேன்.

ஆன்ஸ்லின்


பூதப்பாண்டி
12.4.2025

ஆன்ஸ்லினுக்கு,

ஒரு மாசம் எழுதல்ல. எழுத வாய் இல்ல. கை நடுக்கம் நின்னாச்சு. இங்க உள்ள ஆபீசு கம்ப்யூட்டரை நான்தான் இப்ப பார்க்கேன். சுந்தரராஜ் சார் என்கிட்ட கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுதாரு. தொண்ணூத்தாறு நாள் ஆவுது குடிச்சு. எண்ணாம இருக்க முடியல்ல.

வெயில் காலம் வருது, ஒண்ணு சொல்லுதேன், உனக்கு நம்பிக்கை இல்லன்னா ஜெபதாஸ்கிட்ட கேட்டுட்டு செய். முன்பக்க ஃபேன் காற்றை உள்ள இழுக்கணும், பின்பக்க ஃபேன் வெளிய தள்ளணும். ரெண்டும் ஒரே பக்கம் தள்ளினா கேபினட் சூடாவும். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டு வச்சுத் துடைக்காதே, வெளுத்துப் போவும். நனைச்ச பருத்தித் துணி போதும்.

இதுக்க கூட அம்மைக்கு ஒரு சீட்டு வச்சிருக்கேன். நாலே வரி. ஆறு மாசம் முடிஞ்சதும் வந்திருவேன், கஞ்சி குடிக்கணும், மருந்து முடக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கேன். பெரிய வெள்ளிக்கு வாசிச்சுக் காட்டு. நீ அவளைப் பார்க்கதுக்கு நான் என்ன சொல்ல. எனக்க தாய்க்கு நான் செய்ய வேண்டியதை எல்லாம் உனக்க தலையில வச்சுட்டேன்.

ரெனிஷ்


குலசேகரம்
6.5.2025

ரெனிஷுக்கு,

மாமி ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துபோனார்கள். முப்பதாம் தேதி சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. மகன் எங்கே என்று கேட்டவர்களிடம், மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். முதல் பிடி மண் நான் போட்டேன்.

சுந்தரராஜ் சாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்களை அனுப்பிவைத்திருப்பார்.

நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து சபையிலிருந்து பேபி அக்காவும் வேறு நாலு பேரும் மாமியைப் பார்க்க வந்தார்கள். ஜெபம் பண்ணினார்கள். முடிந்ததும் மாமி அவர்களிடம், "எனக்க மோன் இருந்தா இப்பிடி ஆகுமா? இவ தெரியாத வேலையைத் தொட்டு எனக்க இடுப்பை ஒடிச்சுப் போட்டா. மோனையும் துரத்திட்டா" என்று சொன்னார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் மாமியின் மூத்திரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

அவர்கள் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் மாமிக்கு எழுதிய சீட்டை வாசிக்கவில்லை. பிப்ரவரி இருபதாம் தேதி எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். "வேணும்னேதான்" என்ற இடத்தில் மாமி கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை.

அதன் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார்கள். கஞ்சியை வாயில் வைத்தால் கடைவாய் வழியாக வெளியே வந்துவிடும். பதினோரு நாள்.

ஆன்ஸ்லின்


பூதப்பாண்டி
12.5.2025

ஆன்ஸ்லின்,

நான் உன்னை ஏசமாட்டேன். ஏச எனக்கு என்ன இருக்கு. நான் எழுதினதைத்தானே நீ வாசிச்சே.

ஒண்ணே ஒண்ணு சொல்லு. பதினோரு நாள்ல அம்மை என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? ஏசியிருந்தாலும் சரி, சாபம் போட்டிருந்தாலும் சரி. அவ வாயில இருந்து வந்ததை அப்பிடியே எழுது. அது தெரியாம எனக்கு இருக்க முடியல்ல.

ஜூலை ஆறாம் தேதி ஆறு மாசம் முடியுது. வந்து கையெழுத்துப் போடு. வீட்டுக்கு வரமாட்டேன். கல்லறைக்குப் போயிட்டு, பேச்சிப்பாறையில கூட்டாளி ஒருத்தன் இருக்கான், அங்க போயிருவேன். கடை உனக்கு. கேபினட் உனக்கு. எல்லாம் உனக்கு. உனக்க கண்ணுல படமாட்டேன்னு அம்மைக்க மேல ஆணையா சொல்லுதேன்.

ரெனிஷ்


குலசேகரம்
5.7.2025

ரெனிஷுக்கு,

இரண்டு மாதமாக நீங்கள் அனுப்பிய நாலு கடிதமும் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. பதில் எழுதாமல் இருந்தது நேரம் இல்லாததால் இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மாமி பேசினார்கள். நான் வாசித்துக் காட்டிய மூன்றாம் நாள், ஈஸ்டர் அன்று மத்தியானம். முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே, "ஏட்டி, அவனை வரச் சொல்லு" என்றார்கள். நான் துணியை நனைத்துப் பிழிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்னு எழுது. அவன் பயப்படுவான். அம்மை ஒண்ணும் கேட்கமாட்டான்னு எழுது" என்றார்கள். மறுநாளும், "எழுதியாச்சா மக்களே?" என்று கேட்டார்கள். எழுதியாச்சு மாமி என்றேன். இறந்த அன்று காலையில்கூட வாசல் பக்கம் யாரோ நடக்கிற சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினார்கள். தபால்காரர்.

நான் எழுதவில்லை. தாளும் பேனாவும் கடையில்தான் இருந்தது. குலசேகரத்திலிருந்து பூதப்பாண்டிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே நீங்கள் வந்திருப்பீர்கள். மாமி ஒரு மடக்குக் கஞ்சி குடித்திருப்பார்கள். ஏன் எழுதவில்லை என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்தேன். உங்களை அவர்கள் மன்னிப்பதை என் வீட்டில், என் கண் முன்னால் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை. உங்களோடு ஒன்பது வருஷம் இருந்ததில் எனக்குள் என்ன ஊறியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இன்று காலை அங்கே வந்திருந்தேன். நீங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஒரு முகம் தெரிந்தது. மெலிந்திருக்கிறீர்கள். சுந்தரராஜ் சார் இரண்டு படிவத்தை மேசைமேல் வைத்தார். ஒன்று வெளியே அனுப்புவதற்கு, மற்றது இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிப்பதற்கு.

"நல்லா மாறிட்டான்மா. இனி குடிக்கமாட்டான்னு எனக்கே நம்பிக்கை வந்திருக்கு. கூட்டிட்டுப் போகலாம்" என்றார்.

"தெரியும் சார்" என்றேன்.

இரண்டாவது படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அதில் நீட்டிப்பதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வாங்கி, நல்ல எழுத்தில், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆன்ஸ்லின்